பாய் விரித்துப் பாடம் சொன்ன கப்பல்!

குழந்தைகளே, போர்க்கப்பல் என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? சாம்பல் நிறத்தில் பெரிய இரும்பு உடம்பு, வரிசையாகப் பீரங்கிகள், புகை கக்கும் புகைபோக்கி... அப்படித்தானே?

இன்று நாம் பார்க்கப்போகும் கப்பல் அப்படிப்பட்டது அல்ல. வெள்ளை வெளேர் என்ற உடம்பு. வானத்தைத் தொடுவதுபோல் மூன்று பாய்மரங்கள். காற்று அடித்தால் பாய் விரித்து ஓடும். அதில் ஏறியவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். இருந்தாலும் இரண்டாம் உலகப் போரில் அதுவும் பங்கெடுத்தது. அதுவும் தன் சொந்த நாட்டுக்காக அல்ல, கடல் தாண்டி இருந்த இன்னொரு நாட்டின் படையில் சேர்ந்து!

அந்தக் கப்பலின் பெயர் 'டென்மார்க்'. நாட்டின் பெயரையே கப்பலுக்கும் வைத்துவிட்டார்கள்.

டென்மார்க் எங்கே இருக்கிறது? உலக வரைபடத்தை எடுங்கள். ஐரோப்பாவில் ஜெர்மனிக்கு வடக்கே, தலையில் தொப்பி வைத்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய நாடு அது. நம் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு பழைய கோட்டை இருக்கிறதே, டேனிஷ் கோட்டை, அதைக் கட்டியவர்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான். 1620-ல் கப்பல் ஏறி வந்து கட்டினார்கள். நாடு சிறியது, கடல் அறிவு பெரியது. நாலாபுறமும் தீவுகளும் கடலுமாக இருப்பதால், அங்கே பிள்ளைகளுக்குக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுப்பது முக்கியமான வேலை. அதற்கென்றே பயிற்சிக் கப்பல்கள் வைத்திருந்தார்கள்.

காணாமல் போன கப்பல்

'டென்மார்க்' கப்பலின் கதை ஒரு சோகத்தில் தொடங்குகிறது.

அதற்கு முன்னால் 'கோபன்ஹாவன்' என்று ஒரு பயிற்சிக் கப்பல் இருந்தது. அதற்கு ஐந்து பாய்மரங்கள்! உலகின் மிகப்பெரிய பாய்மரக் கப்பல்களில் ஒன்று. 1928 டிசம்பர் 14 அன்று தென் அமெரிக்காவின் போனஸ் அயர்ஸ் துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. கப்பலில் 60 பேர். அவர்களில் 45 பேர் பயிற்சி மாணவர்கள். புறப்பட்ட ஒரு வாரம் வரை வானொலியில் செய்தி வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. கப்பல்கள் அனுப்பித் தேடினார்கள். கப்பலும் கிடைக்கவில்லை, அதில் போனவர்களும் கிடைக்கவில்லை. இன்று வரை அந்த மர்மம் விலகவில்லை.

45 பிள்ளைகளை இழந்த நாடு என்ன செய்யும்? 'இனிமேல் பிள்ளைகளைக் கடலுக்கே அனுப்ப வேண்டாம்' என்று முடிவு செய்திருக்கலாம். டென்மார்க் மக்கள் அப்படிச் செய்யவில்லை. புதிதாக ஒரு பயிற்சிக் கப்பல் கட்டினார்கள். லோலந்து என்ற தீவில் உள்ள நாக்ஸ்கோவ் கப்பல் கட்டும் தளத்தில் 1933-ல் அது தயாரானது. அதுதான் 'டென்மார்க்'.

கப்பலுக்குள் போவோமா?

கப்பலின் நீளம் 77 மீட்டர். மூன்று பாய்மரங்களிலும் சேர்த்து 26 பாய்கள். எல்லாப் பாய்களையும் கழற்றித் தரையில் விரித்தால் 1,600 சதுர மீட்டருக்கும் மேல் வரும். உங்கள் பள்ளி விளையாட்டுத் திடலில் நான்கு கூடைப்பந்து மைதானங்கள் இருந்தால் எவ்வளவு இடம் வேண்டும்? கிட்டத்தட்ட அவ்வளவு துணி! காற்று இல்லாத நேரத்துக்கும் துறைமுகத்துக்குள் நுழைவதற்கும் ஒரு சின்ன டீசல் எஞ்சினும் உண்டு.

ஒரே நேரத்தில் 120 மாணவர்கள் தங்கிப் படிக்கும்படி அதைக் கட்டினார்கள். அவர்களுக்குக் கட்டில் கிடையாது. கைக்குழந்தைகளுக்கு நாம் தூளி கட்டுவோமே, அதுபோலக் கெட்டித் துணியில் தூளி கட்டித் தூங்குவார்கள். கப்பல் இடதும் வலதுமாகச் சாயும்போது கட்டிலில் படுத்திருப்பவர் உருண்டு விழுவார். தூளியோ கப்பலின் ஆட்டத்துக்குத் தக்கபடி தானே ஆடிக்கொடுக்கும். காலையில் எழுந்ததும் தூளியைச் சுருட்டி வைத்துவிட்டால் அதே இடம் வகுப்பறை!

பாய்மரத்தின் குறுக்கே கட்டியிருக்கும் நீண்ட கட்டைக்குப் 'பருமல்' என்று பெயர். பாய் தொங்குவது அதிலிருந்துதான். பாயை விரிக்கவோ சுருட்டவோ வேண்டுமானால், மாணவர்கள் கயிற்று ஏணியில் ஏறி, பருமலுக்குக் கீழே கட்டிய கயிற்றில் கால் ஊன்றி, வயிற்றைக் கட்டையில் அழுத்திக்கொண்டு வரிசையாக நின்று வேலை செய்ய வேண்டும். நடு மரத்தின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் உயரம். பன்னிரண்டு, பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடமும் சும்மா நிற்காது, ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்கும்!

கண்காட்சிக்குப் போன இடத்தில்...

1939-ம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மிகப்பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அதில் கலந்துகொள்ள 'டென்மார்க்' கப்பலும் போனது. கப்பலின் தலைவர் கேப்டன் நூட் ஹான்சன். மாணவர்களுக்கு எவ்வளவு உற்சாகமாக இருந்திருக்கும்! ஊர் திரும்பியதும் தம்பி தங்கைகளிடம் சொல்ல எத்தனை கதைகள்!

ஆனால் செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்து நாட்டுக்குள் படையெடுத்து நுழைந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. அட்லாண்டிக் பெருங்கடலில் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிய ஆரம்பித்தன. கடலில் கண்ணிவெடிகளும் மிதந்தன. இந்த நிலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டுவது ஆபத்து. 'இப்போது திரும்ப வேண்டாம், அமெரிக்கக் கடற்பகுதியிலேயே இருங்கள்' என்று உத்தரவு வந்தது.

கப்பல் தெற்கே போய், புளோரிடா மாநிலத்தில் உள்ள ஜாக்சன்வில் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. 'இன்னும் சில மாதங்கள்தானே, போர் ஓய்ந்ததும் போய்விடலாம்' என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஏப்ரல் 9

டென்மார்க் எந்தப் பக்கமும் சேராத நாடு. ஜெர்மனியோ 1939 மே மாதம்தான், 'உன்னை நான் தாக்க மாட்டேன், என்னை நீ தாக்காதே' என்று டென்மார்க்குடன் ஒப்பந்தம் போட்டிருந்தது. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 1940 ஏப்ரல் 9 அதிகாலையில் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்குக்குள் புகுந்தன. பெரிய நாட்டின் பெரும்படையைச் சின்ன நாடு எத்தனை நேரம் எதிர்க்க முடியும்? சில மணி நேரத்தில் டென்மார்க் பணிந்துவிட்டது.

ஜாக்சன்வில்லில் இருந்த மாணவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அம்மா, அப்பா, தம்பி, தங்கை எல்லோரும் எதிரி பிடித்துக்கொண்ட ஊரில். இன்றுபோல் கைப்பேசி உண்டா, வீடியோ அழைப்பு உண்டா? 'வீட்டில் எல்லோரும் நலமா?' என்று கேட்கக்கூட வழி குறைந்துவிட்டது.

பணத்துக்கும் சிக்கல் வந்தது. டென்மார்க்கின் பணம் ஜெர்மானியர் கைக்குப் போய்விடக் கூடாது என்று, மறுநாளே, அதாவது ஏப்ரல் 10 அன்றே, அமெரிக்காவில் இருந்த டென்மார்க் நாட்டுப் பணத்தை எல்லாம் அமெரிக்க அரசு முடக்கிவிட்டது. அது சரியான காரியம்தான். ஆனாலும் ஊரை விட்டு ஊர் வந்து நிற்பவர்களின் பாடு திண்டாட்டம் அல்லவா?

ஒரு கப்பல் நிறைய மாணவர்களை வேலையின்றி எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? அவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொருவராக நேச நாடுகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வணிகக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தக் கப்பல்களைத்தான் நீர்மூழ்கிகள் தேடித்தேடி மூழ்கடித்தன. தெரிந்தேதான் போனார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. கேப்டனும், அதிகாரிகளும், மிச்சமிருந்த சில மாணவர்களும் கப்பலைத் துடைத்து, வர்ணம் பூசி, கயிறுகளை மாற்றிப் பழுதில்லாமல் காத்து வந்தார்கள். ஓட்டாமல் நிறுத்தி வைத்த சைக்கிளே துருப்பிடித்துப் போகும்போது, உப்புக் காற்றில் நிற்கும் கப்பலைச் சும்மா விட முடியுமா?

ஒரு தந்தி

1941 டிசம்பர் 7 அன்று ஹவாய்த் தீவுகளில் இருந்த பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அதுவரை போரில் நேரடியாக இறங்காமல் இருந்த அமெரிக்காவும் இறங்கியது.

இப்போது கேப்டன் ஹான்சன் ஒரு முடிவு எடுத்தார். அமெரிக்க அரசுக்கு ஒரு தந்தி அனுப்பினார். கேப்டனும் அதிகாரிகளும் மாணவர்களும் ஒருமனதாகத் தங்களையும் தங்கள் கப்பலையும் அமெரிக்காவிடம் ஒப்படைக்கிறோம், விடுதலைக்கான பொதுவான போராட்டத்தில் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இது சாதாரண முடிவா? அந்தக் கப்பல் ஹான்சனின் சொந்தச் சொத்து அல்ல. டென்மார்க் அரசின் சொத்து. அந்த அரசோ தலைநகரில் ஜெர்மானியரின் கண்காணிப்பில் இருந்தது. யாரைக் கேட்டு அனுமதி வாங்குவது? கேட்டால்தான் கிடைக்குமா? கப்பலில் இருந்தவர்களின் குடும்பங்கள் எல்லாம் ஜெர்மானியர் பிடியில் இருந்தன.

அமெரிக்காவில் டென்மார்க்கின் தூதராக இருந்த ஹென்ரிக் காஃப்மன் என்பவருக்கும் இதே சோதனை வந்தது. அவர் கோபன்ஹேகனின் சொல்லைக் கேளாமல், டென்மார்க்குக்குச் சொந்தமான கிரீன்லாந்துத் தீவைக் காக்கும் பொறுப்பை அமெரிக்காவுக்குக் கொடுத்து 1941 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்தார். அதற்காக அவரைப் பதவியிலிருந்து நீக்கி, துரோகி என்று குற்றமும் சாட்டினார்கள். நாடு விடுதலை அடைந்த பிறகு அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டு, மந்திரியாகவும் ஆக்கினார்கள்! ஆனால் 1941-ல் முடிவு இப்படித்தான் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கேப்டன் ஹான்சன் தந்தி கொடுத்தது இப்படிப்பட்ட நேரத்தில்தான். அவரிடம் படை இல்லை, பணம் இல்லை. ஒரு நல்ல கப்பலும், அதில் பாடம் சொல்லத் தெரிந்த சிலரும் இருந்தார்கள். இருந்ததைக் கொடுத்தார்.

எஞ்சின் காலத்தில் எதற்குப் பாய்மரம்?

அமெரிக்கா அதை ஏற்றுக்கொண்டது. கப்பல் வடக்கே கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ லண்டன் என்ற ஊருக்குப் போனது. அந்த ஊரில் ஓடும் ஆற்றுக்குப் பெயர் தேம்ஸ்! இங்கிலாந்திலிருந்து போனவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுபோய்விட்டார்கள். அங்கேதான் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் கல்லூரி இருக்கிறது. அமைதிக் காலத்தில் இந்தப் படை தனியாக இயங்கும். 1941 நவம்பரிலிருந்து கடற்படையின் கீழ் வேலை செய்தது. 1942 மே மாதம் 'டென்மார்க்' முறைப்படி இந்தப் படையின் கப்பல் ஆனது.

இங்கே உங்களில் ஒருவர் கை தூக்குவது எனக்குத் தெரிகிறது. "ஐயா, அப்போதே எஞ்சின் வைத்த கப்பல்கள்தானே போர் செய்தன? பாய்மரம் ஏறக் கற்றுக்கொண்டு என்ன பயன்?"

நல்ல கேள்வி. மூன்று பதில்கள் சொல்கிறேன்.

முதலாவது, எஞ்சின் கப்பலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாராமலே பயணம் போய்விடலாம். பாய்மரக் கப்பலில் அது நடக்காது. காற்று, அலை, நீரோட்டம், மேகம் எல்லாவற்றையும் ஒவ்வொரு நிமிடமும் கவனித்தாக வேண்டும். கவனிக்காவிட்டால் கப்பலே நின்றுவிடும். ஆகவே கடலின் குணத்தைப் பாய்மரக் கப்பல் சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, பாய்மரக் கப்பலில் ஒருவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்து பயன் இல்லை. கனமான ஒரு பாயை ஏற்ற வேண்டுமானால் இருபது முப்பது பேர் ஒரே கயிற்றைப் பிடித்து, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நம் ஊரில் தேர் இழுக்கிறோமே, அதுபோல. ஒருவர் பிடி தளர்ந்தாலும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, பயம். ஆடும் பாய்மரத்தில் முதல்முறை ஏறும்போது எல்லோருக்கும் கால் நடுங்கும். ஏறி இறங்கிய பிறகு, 'பயந்தாலும் வேலையைச் செய்ய என்னால் முடியும்' என்று அவரவருக்கே புரிந்துவிடும். போர்க்காலத்தில் ஓர் இளம் அதிகாரிக்கு இதைவிடத் தேவையான பாடம் எது?

ஐயாயிரம் மாணவர்கள்

கேப்டன் ஹான்சனும் அவருடைய டேனிஷ் அதிகாரிகளும் கப்பலிலேயே தங்கி அமெரிக்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியர்களின் தாய்மொழி டேனிஷ். மாணவர்களின் மொழி ஆங்கிலம். கப்பலிலோ நூற்றுக்கணக்கான கயிறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொன்றும் எங்கே கட்டியிருக்கிறது என்று இருட்டிலும் கைவைத்துச் சொல்ல வேண்டும். நடு இரவில் புயல் அடிக்கும்போது விளக்கு எடுத்து வந்து தேடிக்கொண்டிருக்க முடியாது அல்லவா?

போர் நடந்துகொண்டிருந்ததால் நிறைய அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். பலருக்குச் சில மாதப் பயிற்சிதான் கொடுக்க முடிந்தது. இதற்கு முன் கடலையே பார்த்திராத இளைஞர்களும் வந்தார்கள். 1942 தொடக்கத்திலிருந்தே அமெரிக்கக் கரையை ஒட்டிக்கூட ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வந்து கப்பல்களை மூழ்கடித்தன. அப்படிப்பட்ட கடலுக்குத்தான் இவர்கள் படித்து முடித்ததும் போக வேண்டியிருந்தது.

போர் முடிவதற்குள் 'டென்மார்க்' கப்பலில் பயிற்சி பெற்றவர்கள் ஏறக்குறைய 5,000 பேர்! ஒரு வகுப்புக்கு 50 பேர் என்று வைத்தால் 100 வகுப்புகள்.

அந்தக் கடலோரக் காவல் படை போரில் என்னென்ன செய்தது தெரியுமா? சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போய் நீர்மூழ்கிகளை விரட்டியது. பனிக்கட்டி மிதக்கும் கிரீன்லாந்துக் கடலைக் காத்தது. கிரீன்லாந்து யாருடையது? டென்மார்க்குடையது! 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது, அந்தப் படையின் 60 சிறிய மரப் படகுகள் உயிர் காக்கும் வேலைக்கென்றே போயின. ஒவ்வொன்றும் 25 மீட்டர் நீளம்தான். முதல் நாளிலேயே தண்ணீரில் தத்தளித்த 400-க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிக் காப்பாற்றின. கயிறு எறியத் தெரிந்த கையும், அலையைப் படிக்கத் தெரிந்த கண்ணும் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

ஊர் திரும்பிய நாள்

1945 மே 4 மாலையில், டென்மார்க்கில் உள்ள ஜெர்மானியப் படைகள் சரணடைகின்றன என்ற செய்தியை வானொலி சொன்னது. ஐந்து ஆண்டுகளாக இரவில் விளக்கு வெளியே தெரியாதபடி ஜன்னலை மூடி வைத்திருந்த மக்கள், அன்று இரவு ஜன்னலைத் திறந்து மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். நம் வீடுகளில் கார்த்திகை தீபம் ஏற்றுவதுபோல ஊர் முழுக்க ஒளி! இன்றும் ஆண்டுதோறும் மே 4 இரவில் டென்மார்க்கில் பலர் ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

அந்த ஆண்டு இறுதியில் கப்பல் தாய்நாட்டுக்குத் திரும்பியது. 1939-ல் கண்காட்சிக்குப் போன கப்பல், ஆறு ஆண்டுகள் கழித்து வீடு வந்து சேர்ந்தது! அது அமெரிக்காவுக்குச் செய்த சேவையைச் சொல்லும் வெண்கலப் பலகை ஒன்று நடுப் பாய்மரத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. 1964-ல் நியூயார்க்கில் மீண்டும் உலகக் கண்காட்சி நடந்தபோது பல நாட்டுப் பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்தன. அந்த அணிவகுப்பில் முதலில் செல்லும் மரியாதை 'டென்மார்க்' கப்பலுக்குக் கிடைத்தது.

'கழுகு' வந்த கதை

கப்பல் போய்விட்டது. ஆனால் அது சொல்லிக்கொடுத்த பாடம் நியூ லண்டனிலேயே தங்கிவிட்டது. 'நமக்கும் இப்படி ஒரு பாய்மரக் கப்பல் வேண்டும்' என்று கடலோரக் காவல் படை நினைத்தது. தோற்றுப்போன ஜெர்மனியிடமிருந்து போர் இழப்பீடாக ஒரு பயிற்சிக் கப்பல் கிடைத்தது. 1936-ல் ஹாம்பர்க் நகரில் கட்டிய அந்தக் கப்பலுக்கு நாஜிக் கட்சிக்காரர் ஒருவரின் பெயரை வைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் அந்தப் பெயரை நீக்கிவிட்டு 'ஈகிள்', அதாவது கழுகு என்று பெயர் வைத்தார்கள்.

1946-ல் அதை அமெரிக்காவுக்கு ஓட்டி வந்தபோது அமெரிக்க மாலுமிகளுடன் ஜெர்மானிய மாலுமிகளும் சேர்ந்தே வந்தார்கள். கப்பலின் கயிறுகள் அவர்களுக்குத்தானே அத்துப்படி! வழியில் சூறாவளி அடித்தது. ஓர் ஆண்டுக்கு முன்பு வரை எதிரிகளாக இருந்தவர்கள், ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்துக் கப்பலைக் கரை சேர்த்தார்கள். 'ஈகிள்' இன்றும் நியூ லண்டன் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது.

'டென்மார்க்' கப்பலும் 90 வயதைத் தாண்டிவிட்டது. ஆனால் ஓய்வு பெறவில்லை. இப்போது ஒரு தடவைக்கு 80 மாணவர்கள். மாணவிகளும் உண்டு. தூளியும் அப்படியே உண்டு!

நம் இந்தியக் கடற்படையிலும் பாய்மரப் பயிற்சிக் கப்பல்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியுமா? 1997-ல் படையில் சேர்ந்த 'தரங்கிணி' 2003-04-ல் உலகைச் சுற்றி வந்தது. அதன் தங்கை 'சுதர்சினி' 2012-ல் சேர்ந்தது. இரண்டுக்கும் மூன்று மூன்று பாய்மரங்கள். ராக்கெட் விடும் காலத்திலும் கடலைக் கற்றுக்கொள்ளப் பாய்மரம் ஏறத்தான் வேண்டியிருக்கிறது.

குழந்தைகளே, போர் என்றால் சுடுவதும் இடிப்பதும்தான் நினைவுக்கு வரும். வீடு திரும்ப முடியாமல் நின்ற சிலர், கையில் இருந்த தொழிலைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே தங்கள் நாட்டின் விடுதலைக்கு உதவினார்கள். நமக்குக் கஷ்டம் வரும்போது 'என்னிடம் என்ன இல்லை' என்று எண்ணுவதோடு, 'என்னிடம் என்ன இருக்கிறது' என்றும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

செய்து பார்ப்போமா? மாலுமி முடிச்சு!

எல்லா மாலுமிகளும் முதலில் கற்கும் முடிச்சுகளில் ஒன்று இது. இழுத்தால் இறுகிச் சுருங்காது. வேலை முடிந்ததும் எளிதாக அவிழ்க்கலாம். தண்ணீரில் விழுந்தவரைத் தூக்கவும் இது பயன்படும். இரண்டு முழக் கயிறு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கயிற்றின் நீளப் பகுதி உங்களுக்கு எதிரே நீட்டியிருக்கட்டும். அது 'மரம்'. நுனி உங்கள் பக்கம் இருக்கட்டும். அது 'முயல்'.

2. நுனியிலிருந்து ஒரு முழம் விட்டு, ஒரு சின்ன வளையம் போடுங்கள். நுனிப் பக்கக் கயிறு, நீளக் கயிற்றின் மேலே படிய வேண்டும். இந்த வளையம்தான் முயலின் 'வளை'.

3. முயல் வளைக்குள்ளிருந்து வெளியே வருகிறது. அதாவது, நுனியை வளையத்தின் அடியிலிருந்து மேலே இழுங்கள்.

4. முயல் மரத்துக்குப் பின்னால் ஒரு சுற்றுப் போகிறது. நுனியை நீளக் கயிற்றின் பின்புறமாகச் சுற்றுங்கள்.

5. முயல் பயந்துபோய் மறுபடியும் வளைக்குள் ஓடிவிடுகிறது. நுனியை அதே வளையத்துக்குள் மேலிருந்து கீழே விடுங்கள்.

6. ஒரு கையில் மரத்தையும், மறு கையில் முயலையும் அதன் பக்கத்துக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்து இழுங்கள். முடிச்சு தயார்!

கீழே ஒரு பெரிய வளையம் கிடைத்திருக்கும். அதை நாற்காலிக் காலில் மாட்டி இழுத்துப் பாருங்கள். கழுத்தில் மட்டும் மாட்டி விளையாடக் கூடாது. நன்றாகப் பழகிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பாருங்கள். உங்களுக்கு வந்துவிட்டால், அப்படியே விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டுத் தம்பிக்கோ தங்கைக்கோ அன்றைக்கே சொல்லிக்கொடுங்கள்!